ஆடி மாதத்துச் சதவீதச் சண்டை

அந்த வருடம் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள். காலையில் செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, முகம் காட்டாத பிள்ளைகளுக்குச் சதவீதம் சொல்லிக் கொடுப்பேன். பக்கத்தில் இரண்டு தறி ஓடுகிற சத்தத்தில் நான் சொன்னதில் பாதி அவர்களுக்குக் கேட்டிருக்காது. மத்தியானம் அதே கூடத்தில் உட்கார்ந்து என் வீட்டார் எனக்குச் சதவீதம் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டில் எது அதிக அலுப்பு என்று கேட்டால், பிள்ளைகள் எவ்வளவோ தேவலை என்பேன்.

விஷயம் இதுதான். நான் முழுகாமல் இருந்தேன். மூன்றாவது தடவை. முதல் இரண்டும் மூன்று மாதம் முடிவதற்குள் கலைந்துபோயின. கொரோனாவின் இரண்டாவது அலை அடங்கியும் அடங்காமலும் இருந்த சமயம் அது. கர்ப்பிணிகளும் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. போட்டுக்கொள்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய எங்கள் வீடே கூடி உட்கார்ந்தது. என் கையில் ஏறப்போகிற ஊசிக்கு என் ஓட்டு ஐந்தில் ஒன்று.

மற்ற நாலு பேரையும் சொல்லிவிடுகிறேன். மாமியார், என் கணவர், அவருடைய அண்ணன், அண்ணனின் மனைவியான என் ஓரகத்தி. பிள்ளையார்பாளையத்தில் ஓட்டு வீடு, நடுக்கூடத்தில் இரண்டு பட்டுத் தறி. ஓரகத்திக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். மாமனார் அந்தச் சித்திரையில்தான் கொரோனா வந்து மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோயிருந்தார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க விடவில்லை. அவர் உட்கார்ந்த தறியில் இப்போது என் கணவர் உட்கார்ந்தார். அதனால் அவருக்கு அந்தக் காய்ச்சல் என்றால் பயம். ஊசி என்றாலும் பயம். எது பெரிய பயம் என்பது அன்றைக்குக் காலையில் செல்போனில் எந்த வீடியோ வந்தது என்பதைப் பொறுத்தது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வயிறு தானாக வெளியே தெரிகிறவரை மாசமாக இருப்பதைப் பற்றி யாரும் மூச்சுவிட மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம். ஏற்கெனவே இரண்டு போன எனக்கு இந்தக் கட்டுப்பாடு இரண்டு மடங்கு. டாக்டரைப் பார்க்கக்கூட ஊருக்குள் போகாமல், டவுன் பஸ் பிடித்துச் செவிலிமேட்டுக்குப் போனேன். மருமகளுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். எதிர் வீட்டு அம்மாள் எனக்காகக் கிராம்பு கொண்டுவந்து கொடுத்தார். நானும் அதை வாங்கி வாயில் அடக்கிக்கொண்டேன்.

ஆனி மாதக் கடைசியில் எடுத்த ஸ்கேனில் துடிப்பு தெரிந்தது. முதல் இரண்டு தடவையும் அது தெரியவே இல்லை. திரையின் நடுவில் ஏதோ ஒன்று மினுக் மினுக்கென்றது. டாக்டரம்மா அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, மூன்று மாதம் முடிகிறபோது அடுத்த ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இந்த ஒரு தடவை நின்றால் போதும் என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் வேண்டிக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் நடந்த எல்லாச் சண்டைக்கும் அந்த மினுக்கல்தான் காரணம். காப்பாற்ற ஒன்று இருந்தால்தானே சண்டையும் வரும்.

ஊசியைப் பற்றி டாக்டரம்மாவிடமே கேட்டேன். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

“ஆரம்ப மாசத்துல கலையறது நெறைய பேருக்கு நடக்கறதுதாம்மா. வெளிய சொல்லாததால ஏதோ அபூர்வம்னு நெனச்சிக்கறீங்க. ஊசி போட்டவங்கள்ல எவ்ளோ பேருக்குக் கலைஞ்சது, போடாதவங்கள்ல எவ்ளோ பேருக்குக் கலைஞ்சது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிப் பாக்கணும். அப்படிப் பாத்தவங்க பெருசா வித்தியாசம் தெரியலைன்னுதான் சொல்றாங்க. மாசமா இருக்கறப்ப அந்தக் காய்ச்சல் வந்தா ஆபத்துன்றது மட்டும் நல்லாவே தெரியுது. உனக்கு முன்னாடி ரெண்டு தபா கலைஞ்சிதே, அப்ப எந்த ஊசி போட்டுக்கின?”

கடைசிக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அதையே வீட்டில் வந்து சொன்னேன். அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

மாமா, அதாவது கணவரின் அண்ணன், நல்ல மனிதர். எனக்குக் கெடுதல் நினைக்கிறவர் இல்லை. ஆனால் தானே எண்ணிப் பார்த்த கணக்கு ஒன்று கையில் இருந்துவிட்டால் அவரை அசைக்க முடியாது.

“டாக்டரு எந்த ஊரு கணக்க சொல்றாங்களோ. நான் நம்ம தெரு கணக்க சொல்றேன். சாயக்காரர் மருமவ போட்டுக்கினா, நிக்கல. மொன வீட்டுப் பொண்ணு போட்டுக்கினா, நிக்கல. பின் தெருவுல ஒருத்தி, அவளுக்கும் நிக்கல. மூணுக்கு மூணு. நூத்துக்கு நூறு. இதுக்கு மேல இன்னா வேணும்?”

“மூணு பேருதான் போட்டுக்கினாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?”

“போட்டுக்கினு நல்லா இருக்கறவ ஒருத்தியக் காட்டு. நான் வாய மூடிக்கிறேன்.”

என்னால் காட்ட முடியவில்லை. அங்கேதான் வயிற்றெரிச்சல். கலைந்துபோனால் ஆட்டோ வரும், ஆஸ்பத்திரி, அழுகை, தெருவே தெரிந்துகொள்ளும். நல்லபடியாக இருக்கிறவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு பல்வலி என்று சொல்லித் திரிவாள், என்னைப் போல. போனது மட்டும் வெளியே வரும் தெருவில் எந்தக் கணக்குப் போட்டாலும் நூற்றுக்கு நூறுதான் வரும். என் வகுப்பில் ஒரு பையன் இப்படிப் போட்டிருந்தால் சிவப்பு மையில் சுழித்துவிட்டிருப்பேன். வீட்டில் சிவப்பு மைக்கு வேலை இல்லை.

அவர் மொழியிலேயே சொல்லிப் பார்த்தேன். “நூலு அறுந்து, பாதியிலேயே தறியவிட்டு அறுத்தெடுத்த சேல மூணு. அது மூணும் பழுதுதான். ஒழுங்கா ஓடிக்கினு இருக்கறது இன்னும் தறியிலதானே மாமா இருக்குது? அறுத்தத மட்டும் எண்ணிட்டு நெய்ஞ்சதெல்லாம் பழுதுன்னு கடைக்காரரு சொன்னா சும்மா இருப்பீங்களா?”

மாமா தறியை நிறுத்தினார். மடங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

“சேலையும் புள்ளையும் ஒண்ணாமா?” என்றார்.

தறி மறுபடியும் ஓட ஆரம்பித்தது. மறுநாள் மத்தியானமும் இதே பேச்சு. அதற்கு மறுநாளும் இதே பேச்சு. நாங்கள் அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தோம். என் கணவர் எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. ஒரு நாள் “போட்டுக்கலாம்னு போட்டிருக்குது பாரு” என்று செல்போனை நீட்டுவார். மறுநாள் அதே செல்போனில் வேறு யாரோ வேண்டாம் என்று கத்திக்கொண்டிருப்பார். நீட்டின இரண்டையும் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிந்தது. காலையில் எழுந்ததும் குடலே வெளியே வருவது போல வாந்தி. வாய் கொப்பளித்துவிட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம். அப்புறம் சோறு வடிக்க வேண்டும். அப்புறம் இந்தச் சண்டை. படுத்துத் தூங்கினால் போதும் என்றிருக்கும்.

மாமியார் கணக்குக்குள் வரவில்லை. “ஆடி போவட்டும். ஆடியில புதுசா எதுவும் வேணாம்,” என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஓரகத்தி மட்டும் ஒரு பக்கமும் பேசவில்லை. வீட்டில் என்ன சண்டை நடந்தாலும் அவர் நூல் சுற்றுகிற ராட்டினத்தின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் என் பக்கம் ஒரு வார்த்தை பேசினால் என்ன என்று எனக்கு உள்ளூரக் கோபம்தான். தனக்கு ஒரு குழந்தை இருக்கிற தெம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

தெருக்கோடி அம்மன் கோயிலில் அந்த ஆடியில் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் கூழ் வாங்கினோம். மாதம் முடிகிற வாரம் என் கணவர் தறியில் பாவு நூலைச் சரிசெய்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், “உன் இஷ்டம்மா. நீ படிச்சவ. எது நல்லதுன்னு தோணுதோ செய்,” என்றார். கேட்க மரியாதையாகத்தான் இருந்தது. ஆனால் ஏதாவது ஆனால் அது உன் தலையில் என்பதுதான் அதன் அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஒரு மாதமாக எல்லாருக்கும் சொந்தமாக இருந்த முடிவு, எடுக்க வேண்டிய நாள் வந்ததும் எனக்கு மட்டும் சொந்தமாகிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன்.

ஆவணி பிறந்து இரண்டொரு நாளில் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் ஊசி முகாம் நடந்தது. கர்ப்பிணிகளைப் பின்பக்கம் ஒரு வகுப்பறையில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகள். உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நிறையப் பேர். முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த கண்களில் பாதி எனக்குப் பழக்கமான கண்கள். குழாயடியில் வாய் ஓயாமல் பேசுகிற பெண்கள் அங்கே ஒருவரை ஒருவர் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வந்ததையும் யாரும் பார்க்கவில்லை. அந்த நாகரிகம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கடைசி பெஞ்சில் என் ஓரகத்தி இருந்தார்.

காலையில் நூல் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் முழங்கால் நெஞ்சு வரை வந்தது.

“அக்கா, நீங்க எப்படி இங்க?”

“எனக்கு நாலு மாசம் ஆவுதும்மா,” என்றார் தாழ்ந்த குரலில். “இது ரெண்டாவது ஊசி. மொத ஊசி எங்க அம்மா வீட்டுக்குப் போனப்ப போட்டுக்கினேன். மாசமா இருக்கறதே அப்ப எனக்குத் தெரியாது. திரும்பி வந்தா உங்க மாமா மூணுக்கு மூணுன்னு ஆரம்பிச்சிட்டாரு.”

“மாமாவுக்குத் தெரியாதா?”

“மாசமா இருக்கறது தெரியும். ஊசி போட்டது தெரியாது. அத்தைக்கு ரெண்டுமே தெரியாது. உனக்கு மொதல்ல நல்லபடியா நிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்தோம். நீ மனசு ஒடஞ்சி போயிடக் கூடாதுன்னுதாம்மா.”

ஒரு மாதமாக எங்கள் வீட்டில் நான் தேடிக்கொண்டிருந்த ஆள், ஊசி போட்டுக்கொண்டு நல்லா இருக்கிறவள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நூல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார். தன் வயிற்றில் இருப்பது நிற்காது என்று தன் புருஷன் தினமும் கணக்குப் போட்டு நிரூபிப்பதைக் கேட்டுக்கொண்டே. அவரைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் நினைத்து வெட்கமாக இருந்தது. கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வீட்டுல சொல்லாதம்மா,” என்றார்.

சொல்ல மாட்டேன் என்றேன். ஒரே வார்த்தையில் அந்தச் சண்டையை முடித்திருக்கலாம். ஆனால் அந்த வார்த்தை என்னுடையது இல்லை. இரண்டு பேரும் ஊசி போட்டுக்கொண்டு, அரை மணி நேரம் காத்திருந்து, வேறு வேறு சந்து வழியாக வீட்டுக்கு வந்தோம்.

எனக்கு ஒரு நாள் கை வலியும் லேசான காய்ச்சலும் இருந்தன. அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலையில் பாவாடையில் கறை தெரிந்தது.

அந்தக் கறையைப் பற்றி நான் எதுவும் விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆட்டோ வந்தது. ஓட்டமாகச் செவிலிமேட்டுக்குப் போனோம். என் கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நெடுநேரம் அளந்தார். துடிப்பு இல்லை என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஊசியாலயா டாக்டர்?”

திரையை என் பக்கம் திருப்பினார். “அளவப் பாரும்மா. ஏழு வாரத்துக் குழந்தை அளவுதான் இருக்குது. நமக்கு இப்ப மூணு மாசம் நெருங்குது. அன்னிக்கு நாம துடிப்பு பாத்தோமே, அதுக்கப்புறம் கொஞ்ச நாள்லயே நின்னுடுச்சி. ஆடி பொறக்கறப்பவே. நீ ஊசி போட்டுக்கறதுக்கு ரொம்ப முன்னாடி.”

நான் தலையாட்டினேன். எனக்கு நிம்மதி வந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் கொல்லவில்லை என்று வந்த நிம்மதி. அது போகிறதற்குள் துக்கம் வந்துவிட்டது.

மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. இத்தனை மாதம் கட்டிக் காத்த பல்வலி ஒரு ஆட்டோவில் வெளியே வந்துவிட்டது. எதிர் வீட்டு அம்மாள் வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனார். மாமியார் வெந்நீர் வைத்தார், தலைமாட்டில் உட்கார்ந்தார், குறையாக ஒரு சொல் சொல்லவில்லை. நான் உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். கூடத்தில் அண்ணனும் தம்பியும் தறியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மாமா மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்கக் கூடாது என்றுதான் சொன்னார்.

“நான் தலப்பாடா அடிச்சிக்கினேனேடா. இப்ப நாலுக்கு நாலு.”

ராட்டினச் சத்தம் நின்றது.

“அஞ்சு,” என்றார் ஓரகத்தி.

“இன்னா அஞ்சு?”

“நானும் போட்டுக்கினேன். ரெண்டு ஊசியும். எனக்கு நல்லாத்தான் இருக்குது. போன வாரம்கூட துடிப்பு கேட்டுட்டு வந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்துல எங்ககூட எத்தினி பேரு உக்காந்துக்கினு இருந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா? எண்ணுறதா இருந்தா எல்லாரையும் எண்ணு. இல்லன்னா அவளச் சும்மா வுடு.”

மாமாவின் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. மூத்த மருமகள் மாசமாக இருப்பதையும் ஊசி போட்டுக்கொண்டதையும் மாமியார் ஒரே மூச்சில் தெரிந்துகொண்டார். எழுந்து போய் சாமி மாடத்திலிருந்து குங்குமம் எடுத்து வந்து ஓரகத்தியின் நெற்றியில் வைக்கிற சத்தம், அந்த வளையல் சத்தம், எனக்குக் கேட்டது.

“அம்மன்தான் காப்பாத்திக் குடுத்தா,” என்றார்.

அவ்வளவுதான். போனதெல்லாம் ஊசியின் கணக்கில், நின்றது அம்மன் கணக்கில். ஒரு கணக்கு டீச்சராக நான் எழுந்து போய் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். படுத்தே இருந்தேன். எனக்காகப் பேசின அந்தப் பெண்மேல் எனக்கு அன்பும் இருந்தது, பொறாமையும் இருந்தது. மாமா அதற்கப்புறம் ஒரு நாளும் அந்த எண்ணைச் சொல்லவில்லை. அவர் வாயை மூடிக்கொள்ள நான் ஒரு மாதம் ஆசைப்பட்டிருக்கிறேன். மூடிக்கொண்டபோது ஒரு சந்தோஷமும் வரவில்லை.

விளக்கு வைத்த பிறகு என் கணவர் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். கையில் செல்போன் இல்லை.

“நான் வேணாம்னு சொல்லியிருந்தா நீ போட்டுக்கினு இருக்க மாட்ட இல்ல?” என்றார்.

அவர் தன்னைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. ‘உன் இஷ்டம்’ என்றதற்காக நான் அவர்மேல் வைத்திருந்த கோபம் வடிந்துவிட்டது. டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினதைச் சொன்னேன். அளவைச் சொன்னேன். ஆடி பிறந்தபோதே என்றேன்.

அவர் விரல் மடக்கி எண்ணினார்.

“அப்போ ஆடி மாசம் பூரா நாம பேசிக்கினு இருந்தது…”

“ஆமாங்க.”

“இல்லம்மா. நேத்து காலையிலகூட நீ வாந்தி எடுத்தியே,” என்றார். ஏதோ நான் தப்பாகக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்பது போல, நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார். “தெனமும் எடுத்தியேம்மா.”

“எடுத்தேன்,” என்றேன். “துடிப்பு நின்னுடுச்சின்னு என் உடம்புக்கும் யாரும் சொல்லலங்க.”